மலிவு விலை விண்டோஸ் கைக்கணினி: தமிழாசிரியருக்குக் கட்டுப்படியாகுமா?

சிறப்பு நிதி உதவி கைக்கு வரும் நேரம் பார்த்து நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். 10 அங்குலத் திரை, கழற்றி மாட்டும் விசைப்பலகை, பேனா இலவசம், அசல் விண்டோஸ் 11, விலை ஆயிரம் வெள்ளிக்குள். கீழே யாராவது ஒருவர் கேட்பார்: "சார், இது வாங்கலாமா? ஆர்.பி.எச். எழுத, எல்.சி.டி.யில் காட்ட இது போதும்தானே?" பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். ஏற்கெனவே வாங்கியவர் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

குறுகிய பதில் வேண்டுமென்றால் இதோ. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு என்று எழுதியிருந்தால் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 8 ஜி.பி. ரேம், 128 ஜி.பி.க்குக் குறையாத சேமிப்பு, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளும் சில்லு, நீங்களே கையால் தட்டிப் பார்த்த விசைப்பலகை ஆகிய நான்கும் இருந்தால் யோசிக்கலாம். அதே காசுக்குக் கிடைக்கும் பழைய வணிக மடிக்கணினி உங்களுக்கு இன்னும் பொருந்துமா என்றும் கூடவே பார்க்க வேண்டும். பல பேருக்கு அதுதான் பொருந்தும். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

நமக்கு மட்டும் ஏன் விண்டோஸ்?

கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு ஓர் ஆண்ட்ராய்டு கைக்கணினியோ ஐபேடோ வைத்துக்கொண்டு பெரும்பாலும் காலம் தள்ள முடியும். டெலிமா கணக்கில் நுழைந்தால் கூகுள் வகுப்பறை, ஸ்லைட்ஸ், கேன்வா எல்லாம் உலாவியிலேயே ஓடும். நம் நிலைமை வேறு. உங்கள் விரலியைத் திறந்து பாருங்கள். 2003, 2005ஆம் ஆண்டுக் கேள்வித்தாள்கள், மூத்த ஆசிரியர் ஓய்வு பெறும்போது கொடுத்துவிட்டுப் போன இலக்கணப் பயிற்சிகள், செய்யுள் மொழியணிக் குறிப்புகள் எல்லாம் இருக்கும். அவற்றில் பாதி ஒருங்குறியில் இருக்காது.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு வந்த பிறகுதான். அதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், நம் நாட்டிலும் உலகெங்கும் தமிழர்கள் முரசு அஞ்சல், டிஸ்கி போன்ற 8 பிட் எழுத்துருக்களில்தான் தட்டினார்கள். 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010இல்தான். ஆக, நம் கோப்புகள் இரண்டு காலத்தைச் சேர்ந்தவை.

8 பிட் எழுத்துருவில் அடித்த கோப்பு உண்மையில் ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான். அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால் அது தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கோழி கிண்டிய மாதிரி இருக்கும். விண்டோஸில் அந்த எழுத்துருவை இரண்டு சொடுக்கில் நிறுவிவிடலாம், 20 ஆண்டுக்கு முந்தைய வேர்ட் கோப்பு அப்படியே திறக்கும். ஆண்ட்ராய்டு வேர்டில் நம் சொந்த எழுத்துருவைச் சேர்ப்பது எளிதான காரியம் இல்லை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இணைய மாற்றிகள் இருக்கின்றன, அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உரையை வெட்டி ஒட்டும்போது கட்டங்கள், எண்ணிடல், தடித்த எழுத்து எல்லாம் கலைந்துவிடும். நான்கு தெரிவு கொண்ட 40 கேள்விகளை மறுபடி அடுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. பள்ளியில் கைமாறும் எக்செல் வார்ப்புருக்களில் சில, மேக்ரோ இருந்தால்தான் ஓடும். கைப்பேசி, கைக்கணினிச் செயலியாக வரும் எக்செல்லிலும், உலாவியில் ஓடும் எக்செல்லிலும் மேக்ரோ ஓடாது. அடுத்தது, ஆசிரியர் அறையின் மூலையில் இருக்கும் பழைய அச்சுப்பொறி. அதற்கு விண்டோஸ் இயக்கியைத் தவிர வேறு பாஷை தெரியாது.

ஆக, மேசைக் கணினி இயங்குதளம் நமக்கு ஆடம்பரம் இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பலருக்கு என்று ஓர் அறை கிடையாது. ஒரு நாள் நூலகத்தின் ஓரம், மறுநாள் அறிவியல் கூடம், தாய்மொழி வகுப்பென்றால் காலியாக இருக்கும் எந்த இடமோ அந்த இடம். தூக்கிக்கொண்டு அலையத் தோதான, ஆனால் முழு விண்டோஸ் ஓடும் ஒரு சாதனம் என்ற ஆசை நியாயமானது. இந்த மலிவுக் கைக்கணினி அந்த ஆசையைத்தான் குறிவைத்து வருகிறது.

இது முதல் முறை அல்ல

2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவெடுத்தது: 9 அங்குலத்துக்குக் குறைவான திரை கொண்ட சாதனங்களுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணம் இல்லை. இன்டெல் நிறுவனமும் ஆட்டம் சில்லுகளை மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். இரண்டும் சேர்ந்ததும் சந்தை நிரம்பிவிட்டது. எச்.பி. ஸ்ட்ரீம் 7 அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 99 டாலருக்கு வந்தது: 1 ஜி.பி. ரேம், 32 ஜி.பி. சேமிப்பு. அதற்கு ஓராண்டுக்கு முன்பே ஏசுஸ் டி100 விசைப்பலகையோடு வந்து நல்ல பெயர் வாங்கியிருந்தது. நம் நாட்டிலும் ஈப்போவைத் தளமாகக் கொண்ட எஸ்.என்.எஸ். நெட்வர்க் நிறுவனம் ஜோய் என்ற பெயரில் விண்டோஸ் கைக்கணினிகளைக் கொண்டுவந்தது. லோயாட் பிளாசாவில் அப்போது தளத்துக்குத் தளம் இந்த வகைச் சாதனங்கள்தான்.

அவற்றின் கதி என்ன ஆனது என்று பார்த்தால்தான் இன்று வாங்குபவருக்குப் பாடம். 32 ஜி.பி. என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 29 சொச்சம்தான் காட்டும். நிறுவனம் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கும், விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்கும், அதனால் வரும் வித்தியாசம் இது. அதில் இயங்குதளமும் மீட்புப் பகுதியும் பாதிக்கு மேல் தின்றுவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு, புதுப்பிப்புகளுக்கென்று ஏறத்தாழ 7 ஜி.பி.யை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. குறைந்தபட்சச் சேமிப்பையும் 32 ஜி.பி. ஆக்கியது. பழைய 32 ஜி.பி. சாதனங்களில் ஒவ்வொரு பெரிய புதுப்பிப்பும் "இடம் போதவில்லை" என்று நின்றது. உள்ளே இருந்த கோப்புகளை வெளியே எடுத்து, விரலியைச் செருகி, இரவு முழுக்கக் காத்திருந்து புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

இன்னும் மோசமானது ஒன்று நடந்தது. ஆட்டம் சில்லுகளில் குளோவர் டிரெயில் என்ற தலைமுறை இருந்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பை அந்தச் சில்லு கொண்ட கணினிகளில் நிறுவ முடியவில்லை. சாதனம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த பதிப்பு இல்லை. 2023 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லி முடித்துக்கொண்டது. இன்டெல்லும் 2016இலேயே கைக்கணினிகளுக்கான ஆட்டம் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. மலிவுச் சாதனம் பழுதாவதற்கு முன்னாலேயே கைவிடப்படலாம் என்பதை மறக்காதீர்கள்.

இந்தியாவில் 2011 அக்டோபரில் ஆகாஷ் என்ற மலிவுக் கைக்கணினியை மாணவர்களுக்காக அறிமுகம் செய்தார்கள். அது ஆண்ட்ராய்டு, 256 எம்.பி. ரேம், அழுத்தினால்தான் உணரும் திரை. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 15ஆம் நாள், தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. ஆகாஷ் பற்றிய பேச்சு சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் மடிக்கணினித் திட்டமோ பல ஆண்டுகள் தொடர்ந்தது. விலையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் கணினியை அடைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆகாஷை இன்றும் உதாரணம் காட்டலாம் என்பது என் எண்ணம்.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

முதலில் சில்லின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே இன்று வாங்கும் எதுவும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, டி.பி.எம். 2.0, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சில்லு. இன்டெல் கோர் வரிசை என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து. மலிவு வரிசையில் செலரான் என்4020, என்4100 போன்றவை பட்டியலில் உண்டு, ஆனால் மெதுவானவை. 2023இல் வந்த என்100 நான்கு கருக்கள் கொண்டது. 6 வாட் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆசிரியர் வேலைக்குப் போதும். ஆட்டம் எக்ஸ்5 என்றோ செலரான் என்3350 என்றோ கண்டால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். "விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம் டீச்சர்" என்று சொன்னாலும் சரி. குறுக்கு வழியில் போட முடியும்தான், ஆனால் அடுத்த புதுப்பிப்பு வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அடுத்தது ரேம். 4 ஜி.பி. என்பது விண்டோஸ் 11 நிறுவுவதற்கான அளவு, வேலை செய்வதற்கான அளவு அல்ல. திறந்த உடனே அதில் பாதிக்கு மேல் இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். பிறகு குரோமில் கூகுள் வகுப்பறை ஒரு பக்கம், ஐடிமீ ஒரு பக்கம், வேர்டில் பாடத்திட்டம், பின்னால் ஒரு காணொலி. தமிழில் தட்டும்போது எழுத்து திரைக்கு வர ஒரு நொடி தாமதிக்கும் பாருங்கள், அங்கேதான் நமக்குக் கோபம் வரும். மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்தாவதால் பெரும்பாலான எழுத்துக்கு நாம் இரண்டு தட்டு தட்டுகிறோம். தாமதமும் இரட்டிப்பாகத் தெரியும். இந்தச் சாதனங்களில் ரேமைப் பலகையிலேயே ஒட்டிவிடுவார்கள், பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போது 8 ஜி.பி. இல்லையென்றால் எப்போதும் இல்லை.

இணையக் கடைகளில் "6+6=12 ஜி.பி." என்று போட்டிருந்தால் கவனம். அது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைக்கணினி. சேமிப்பிலிருந்து 6 ஜி.பி.யைக் கடன் வாங்கி ரேம் என்று காட்டுகிறார்கள். "பி.சி. மோட்" என்று இருந்தாலும் அப்படித்தான்: முகப்பு மேசைக் கணினி மாதிரி தெரியும், உள்ளே ஆண்ட்ராய்டு. உங்கள் எழுத்துருவும் மேக்ரோவும் அதில் ஓடாது.

சேமிப்பில் இரண்டு வகை. இ.எம்.எம்.சி. என்பது கைப்பேசி வகை. பலகையில் ஒட்டியது, மெதுவானது. எஸ்.எஸ்.டி. என்பது அதைவிட வேகமானது, சில மாதிரிகளில் கழற்றி மாற்றலாம். 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்றால் விண்டோஸ் கணக்கில் 59 சொச்சம். இயங்குதளம், ஆபிஸ், புதுப்பிப்புக்கு ஒதுக்கியது போக எஞ்சுவதில் ஓராண்டுப் பாடக் காணொலியைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. 2014இல் 32 ஜி.பி. இருந்த இடத்தில் இன்று 64 ஜி.பி. இருக்கிறது, அவ்வளவுதான்.

எஸ் மோட் என்று ஒன்று உண்டு. அந்த முறையில் வரும் கணினி, மைக்ரோசாஃப்ட் கடையில் உள்ள செயலிகளை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து பதிவிறக்கும் தமிழ் விசைப்பலகை மென்பொருள் நிறுவாது. பயப்பட வேண்டாம், கட்டணமில்லாமல் அதிலிருந்து வெளியேறலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. ஸ்னாப்டிராகன் வகைச் சில்லில் ஓடும் விண்டோஸ் பற்றியும் ஒரு சொல்: சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் அச்சுப்பொறி இயக்கியும், பழைய உள்ளீட்டு மென்பொருளும் அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நமக்கு வேண்டியது சரியாக அந்த இரண்டும்தான்.

விசைப்பலகைதான் உண்மையான சோதனை

விமர்சனக் காணொலிகளில் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் வகுத்த தமிழ்99 விசைமுகத்தை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அதில் உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். வலக்கையின் ஓரத்து விசைகளில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சதுர அடைப்புக்குறி இரண்டிலும் ச, ஞ. அரைப்புள்ளி விசையில் ந. மேற்கோள் விசையில் ய. சாய்கோட்டில் ழ.

10 அங்குலக் கைக்கணினியோடு வரும் குட்டி விசைப்பலகையில், இடம் போதாமல் நிறுவனம் எந்த விசைகளைச் சுருக்கும்? ஆங்கிலத்தில் அதிகம் பயன்படாத அதே ஓரத்து விசைகளைத்தான். சிலவற்றில் அவை பாதி அகலம், சிலவற்றில் இடம் மாறி மேலேயோ கீழேயோ போய்விடும். ஆங்கிலம் தட்டுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நமக்கோ ச, ந, ய மூன்றும் வரிக்கு நான்கு தடவை வரும். அதனால் கடையில் நின்று இதைத் தட்டிப் பாருங்கள்: "ஞாயிற்றுச் சந்தையில் நேற்று யாழ் வாங்கினேன்." தடங்கல் இல்லாமல் மூன்று முறை தட்ட முடிந்தால் விசைப்பலகை தேறிவிட்டது. தமிழ்99 விண்டோஸ் 11இன் மொழி அமைப்பிலேயே உண்டு. கடைக்காரர் மறுக்க மாட்டார், இரண்டு நிமிட வேலை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் அஞ்சல் முறையிலோ, 2019 முதல் விண்டோஸிலேயே வரும் தமிழ் ஒலிபெயர்ப்பு முறையிலோ தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கு வேலை எல்லாம் நடுவில் உள்ள ரோமன் எழுத்து விசைகளில்தான்.

தொடுதிரை விசைப்பலகையில் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது வந்தால் 10 அங்குலத் திரையில் பாதி போய்விடும். வேர்டில் இரண்டு வரிதான் தெரியும். வாயால் சொல்லித் தட்ட வைப்பதென்றால் கூகுள் ஆவணத்தில் குரோம் உலாவி வழியாகச் செய்யலாம். மொழிப் பட்டியலில் தமிழுக்குள் மலேசியா என்றே தனியாக உண்டு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

விசைப்பலகை தனி விலையா, சேர்ந்த விலையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2018இல் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கோ வந்தபோது அறிவித்த 399 டாலர் விசைப்பலகை இல்லாத விலை. பயன்படுத்தியதை வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த முதல் சர்ஃபேஸ் கோவின் சில்லு விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. சர்ஃபேஸ் கோ 2 பட்டியலில் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், பின்பக்கத்து எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பேனா, எல்.சி.டி., வெக்கை

கைக்கணினி மடிக்கணினியை உண்மையிலேயே வெல்லும் இடம் ஒன்றுதான்: கட்டுரை திருத்துவது. மாணவர் அனுப்பிய பி.டி.எஃப். கோப்பை எட்ஜ் உலாவியில் திறந்து பேனாவால் நேரே சுழிக்கலாம், சந்திப்பிழையை வட்டமிடலாம். ஆனால் "பேனா இலவசம்" என்றால் எந்தப் பேனா? நுனியில் ரப்பர் உருண்டை உள்ளது வெறும் விரல் மாதிரிதான். ஒற்றுப்புள்ளியை அதை வைத்துச் சரியான எழுத்தின் மேல் வைக்க முடியாது. மின்கலம் போட்டு வேலை செய்யும் பேனாவை அந்தத் திரை ஏற்குமா என்று கேளுங்கள். இன்னொரு வேடிக்கை: கூகுள் வகுப்பறையில் கையால் குறிப்பெழுதும் வசதி அதன் ஆண்ட்ராய்டு, ஐபேடு செயலியில்தான் நன்றாக அமைந்திருக்கிறது. திருத்துவதுதான் உங்கள் முக்கியத் தேவை என்றால் விண்டோஸே தேவையில்லாமல் போகலாம்.

எல்.சி.டி.யில் காட்டுவது பற்றி: எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது. சில மாதிரியில் சிறிய எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். பள்ளியில் உள்ள எல்.சி.டி. பழைய வி.ஜி.ஏ. வகை என்றால் மாற்றி ஒன்று தனியாக வேண்டும். ஒரே ஒரு துளை உள்ள சாதனமாக இருந்தால், படம் காட்டும்போது மின்னேற்ற முடியாது, விரலியும் செருக முடியாது. பல்துளை இணைப்பி இன்னொரு செலவு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விளம்பர விலை மேலே ஏறிவிடும். கைக்கணினி, விசைப்பலகை, உறை, இணைப்பி எல்லாம் பையில் போட்டால் எடையும் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். இலேசாக இருக்கும் என்றுதானே வாங்க வந்தோம்?

இவற்றில் காற்றாடி கிடையாது. சத்தமில்லை, நல்லதுதான். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிள்ளானில் மேல்மாடி வகுப்பறையில் குளிர்சாதனம் இல்லாமல் ஓட்டினால், சூடு ஏறிச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஓடிய அதே காணொலி மாலையில் திக்கும்.

அப்படியானால் எது?

அதே காசை எடுத்துக்கொண்டு பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு மாற்றிய வணிக மடிக்கணினிகளைப் பாருங்கள். திங்க்பேட் எக்ஸ்280, டி480 போன்றவை 8ஆம் தலைமுறைச் சில்லு கொண்டவை. விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டு. இவற்றுக்கு முந்தைய எக்ஸ்270இன் சில்லு பட்டியலில் இல்லை. எண் ஒன்றுதான் மாறுகிறது, கவனம். விசைப்பலகை முழு அளவு, ச, ந, ய எல்லாம் அதனதன் இடத்தில். எஸ்.எஸ்.டி. மாற்றலாம். கைக்கணினி வடிவமே வேண்டும் என்பவர்களுக்கு டெல் லேட்டிடியூட் 5290 டூ-இன்-ஒன், திங்க்பேட் எக்ஸ்1 டேப்லெட் மூன்றாம் தலைமுறை போன்றவை பழைய சந்தையில் வரும். மின்கலம்தான் பலவீனம். கடையில் வைத்தே மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11 ஏற்குமா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அமைப்பில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து பாருங்கள். உரிமம் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓடுவதாகக் காட்டினால் வேண்டாம்.

புதிய மலிவுக் கைக்கணினி யாருக்குச் சரி? பள்ளியில் ஏற்கெனவே மேசைக் கணினியோ வீட்டில் மடிக்கணினியோ இருந்து, வகுப்புக்கு எடுத்துப்போக இரண்டாவது சாதனம் தேடுபவருக்கு. என்100, 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. என்றால் தாராளமாக வாங்கலாம். அது ஒன்றுதான் என் கணினி என்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெற்றோர் கேட்டால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழாசிரியரிடம் பெற்றோர் மதிப்பெண் மட்டுமா கேட்கிறார்கள்? "டீச்சர், பெரியவளுக்குப் படிவம் 4 ஆச்சு, என்ன வாங்கிக் குடுக்கலாம்? லாப்டாப் வாங்க முடியாது. இந்த டேப் எழுநூறு வெள்ளிதான் போட்டிருக்கான்" என்று படத்தைக் காட்டுவார்கள். நாம் தலையசைத்தால் வாங்கிவிடுவார்கள். பலருக்கு அது இரண்டு மூன்று மாதச் சேமிப்பு. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செர்டிக் திட்டத்தின்வழி 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவி தருவதற்கு 150 மில்லியன் ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. அது எட்டாத வீடுகள் நம் வகுப்பில் நிறைய.

மாணவருக்குப் பழைய 8 பிட் கோப்பு திறக்கும் தேவை இல்லை, மேக்ரோ தேவை இல்லை. டெலிமாவும் காணொலியும் பயிற்சிப் படிவமும்தான். அதற்குப் பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு கைக்கணினி அதே விலையில் இந்த விண்டோஸ் கைக்கணினியை விட வேகமாக ஓடும். செல்லினமோ கூகுள் விசைப்பலகையோ போட்டால் தமிழும் தட்டலாம். படிவம் 6 அல்லது கல்லூரி நோக்கிப் போகிற பிள்ளை என்றால், அந்த எழுநூறோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மேலே சொன்ன பழைய மடிக்கணினி. 4 ஜி.பி. விண்டோஸ் கைக்கணினி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்யும். பெற்றோரிடம் இதை இப்படியே சொல்லிவிடலாம்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு மோனோரெயில் ஏறினால் லோயாட் பக்கம்தான். கிள்ளானில் இருப்பவர்களுக்குக் கொமுட்டரில் சென்ட்ரல் வந்து மாறி, அரை நாள். உத்தரவாதத்துக்காக இரண்டு தடவை அலைந்தால் மலிவாக வாங்கிய லாபம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து நேரே வரும் சாதனத்துக்கு இங்கே உத்தரவாதம் யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று சாதனத்திலும், அதைவிட முக்கியமாக மூன்று முள் மின்னேற்றியிலும் பாருங்கள். பிள்ளைகள் இரவு முழுக்கத் தலைமாட்டில் செருகி வைக்கும் பொருள் அது. சில மலிவுக் கைக்கணினிகள் 12 வோல்ட் மின்னேற்றியோடு வரும். கைப்பேசி மின்னேற்றியை மாட்டினால் ஏறாது, தொலைந்தால் அதே வகையைத் தேடி அலைய வேண்டும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தனிநபர் வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 ரிங்கிட் வரை கோரும்போது, தொழிலுக்கு அல்லாத சொந்தப் பயன்பாட்டுக் கணினி, கைக்கணினி, திறன்பேசி ஆகியவற்றை அதில் சேர்க்கலாம். பிள்ளைக்கு வாங்கியதும் இதில் வரும். ரசீதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வரி வாரியத்தின் விதி. வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து டெலிமாவில் அல்லாமல் உங்கள் சொந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். சொன்ன ரேம் ஒன்று, வந்த ரேம் ஒன்று என்றால், 5 ரிங்கிட் கட்டணத்தில் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விளம்பரப் பக்கத்தின் திரைப்படத்தையும் விற்பவரோடு நடந்த உரையாடலையும் ரசீதோடு சேர்த்து வைத்திருந்தால் போதும்.